அத்தியாயம் 4: பாலத்துக்கு முன் வரும் 700 கிலோமீட்டர்
மாரத்தான் பயிற்சிக்குச் சப்பாத்து தேர்ந்தெடுத்தல்

பினாங்குப் பால அனைத்துலக மாரத்தானுக்குப் பெயர் பதிந்த கையோடு பலர் சப்பாத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். போவது நல்லதுதான். ஆனால் மனத்தில் பந்தய நாளை மட்டும் வைத்துக்கொண்டு போனால் தேர்வு பிசகிவிடும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் மாரத்தானுக்கு 16 வாரப் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்குச் சராசரியாக 45 கிலோமீட்டர் ஓடினால் மொத்தம் 720 கிலோமீட்டர். பந்தயமோ 42.195 கிலோமீட்டர். அதாவது உங்கள் சப்பாத்து பந்தய நாளில் படப்போகும் பாட்டைப்போல் பதினேழு மடங்கைப் பயிற்சியிலேயே பட்டுவிடுகிறது. ஓடும்போது ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தின் வழியே ஏறுகிறது. முழங்காலும் குதிகாலும் கணைக்கால் தசையும் தாங்குமா, தாங்காதா என்பது அந்த 720 கிலோமீட்டரில்தான் முடிவாகிறது.

ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே கருத்தை ஒட்டித்தான் போகும்: சப்பாத்தைப் பயிற்சி நாள்களுக்காக வாங்குங்கள். அவற்றை நன்றாகக் கடந்துவிட்டால் பந்தய நாளுக்கான சப்பாத்து தானாகவே உங்களிடம் இருக்கும்.

உங்கள் சாலையை முதலில் பாருங்கள்

பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது. நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. நடுவில் கப்பல் போவதற்காக நீர்மட்டத்திலிருந்து சுமார் 33 மீட்டர் இடைவெளி விட்டிருப்பதால் அங்கே ஏற்றமும் இறக்கமும் உண்டு. 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர். அந்த ஆண்டின் மாரத்தான் அதன்மேல்தான் நடந்தது. ஆனால் பந்தய நாள் தவிர வேறு நாளில் இந்தப் பாலங்களில் ஓட முடியாது. ஆகவே பாலத்தின் பெருநிலப் பக்கத்தில், ஜுருவில் இருக்கும் ஒருவர் எங்கே பயிற்சி எடுப்பார் என்பதே கேள்வி.

பெரும்பாலும் வீட்டைச் சுற்றியுள்ள தாமான் சாலைகளில். விடியுமுன் ஆட்டோ சிட்டியைச் சுற்றி. வார இறுதியில் புக்கிட் மெர்தாஜாமின் செரோக் தொக்கூன் பக்கம் அல்லது மெங்குவாங் அணைக்கட்டு. சற்றுத் தள்ளிப் போனால் பத்து காவான். இவை எல்லாமே ஏறக்குறைய தார்ச்சாலையும் கான்கிரீட்டும்தான். ஜுருவும் புக்கிட் தெங்காவும் தொழிற்பேட்டை சூழ்ந்த இடங்கள். லாரிகள் போகும் பாதையின் ஓரத்தில் மணலும் சிறுகற்களும் கிடக்கும். மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். தரை பெரும்பாலும் சமவெளி. பாலத்தின் ஏற்றத்தைப் பழக வேண்டுமானால் மேம்பாலத்தையோ மலைப்பாதையையோ தேடிப் போக வேண்டும்.

இதற்கு மேல் பருவநிலை. மாரத்தான் வழக்கமாக ஆண்டு இறுதியில் வருகிறது. டிசம்பர் பந்தயத்திலிருந்து 16 வாரம் பின்னோக்கி எண்ணினால் பயிற்சி ஆகஸ்ட்டில் தொடங்கும். பினாங்கில் மழை மிகுந்த செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் அப்படியே பயிற்சியின் நடுவில் விழுகின்றன. மழை இல்லாத நாளிலும் வியர்வை காலுறைவரை இறங்கும். ஐரோப்பாவின் குளிர்ந்த, உலர்ந்த சாலையில் சோதித்து எழுதப்பட்ட பாராட்டுரையை நம்பி வாங்கிய சப்பாத்து இங்கே வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

சப்பாத்தின் மூன்று பாகங்கள்

விளம்பரச் சொற்களைத் தள்ளிவிட்டு, சப்பாத்தைக் கையில் எடுத்து மூன்று பாகங்களைத் தனித்தனியே பாருங்கள்.

*மேற்பகுதி.* கால் மூடியிருக்கும் துணி. நமக்கு வேண்டியது காற்று உள்ளே வரவும் தண்ணீர் வெளியேறவும் இடம் தரும் மெல்லிய வலைத்துணி. விரல் பக்கத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவினால் நல்லது. நாக்கிலும் குதிகாலைச் சுற்றியும் தடித்த பஞ்சுத் திணிப்பு இருந்தால் கடையில் சுகமாக இருக்கும், மழையில் நனைந்தபின் கனக்கும். தண்ணீர் புகாத கோர்டெக்ஸ் வகை நம் ஊர் சாலைக்கு வேண்டாம். கணுக்கால் வழியே உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கும்.

*நடு நுரை.* பாதத்துக்கும் தரைக்கும் இடையிலுள்ள மெத்தை. ஈவிஏ என்ற நுரைதான் நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருப்பது. விலை குறைவு, நம்பகமானது. டிபியு வகை சற்றுக் கனமானது, நீண்ட நாள் தாங்குவது. பீபா வகை மிக இலேசானது, துள்ளல் மிகுந்தது, விலையும் அதிகம். அன்றாடப் பயிற்சிக்கு முதல் இரண்டுமே போதும். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தையும் கேளுங்கள். பெரும்பாலான சப்பாத்துகளில் அது 4 முதல் 12 மில்லிமீட்டர். இதுவரை 10 மில்லிமீட்டரில் ஓடிப் பழகியவர் திடீரென்று 4 மில்லிமீட்டருக்கு மாறினால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் இழுபடும். வலியில்லாமல் ஓடிக்கொண்டிருப்பவர் பழைய அளவிலேயே இருப்பது நல்லது.

*அடி ரப்பர்.* நம் சாலைக்கு மிக முக்கியமான பாகம் இது. கரி கலந்த கடின ரப்பர் நீண்ட நாள் உழைக்கும். காற்றேற்றிய மென் ரப்பர் இலேசானது, ஆனால் சீக்கிரம் தேயும். எடையைக் குறைப்பதற்காகச் சில சப்பாத்துகளில் ரப்பரை அங்கங்கே மட்டும் ஒட்டி, மற்ற இடத்தில் நுரையை வெறுமையாக விட்டிருப்பார்கள். மணல் கிடக்கும் சாலையில் அந்த நுரை அரைபட்டுப் போகும். நனைந்த ஓட்டுத்தரையில் வழுக்கும். குதிகாலின் வெளிவிளிம்பிலும் பெருவிரலின் கீழும் ரப்பர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஈரத்தில் பிடிப்புக்காக டயர் நிறுவனங்களின் ரப்பரையே பயன்படுத்துவோரும் உண்டு. அடிடாஸின் பல ஓட்டச் சப்பாத்துகளில் கான்டினென்டல் பெயரைப் பார்க்கலாம். பாலத்தில் பாகங்கள் இணையும் இடங்களில் இரும்புப் பட்டைகள் குறுக்கே வரும். மழை பெய்த இரவில் அவற்றின்மேல் கால் வைக்கும்போது இந்தப் பிடிப்பின் அருமை தெரியும்.

அளவு: பாதிப் பிரச்சினை இங்கேதான்

கறுத்த நகம், கொப்புளம், மரத்துப்போகும் விரல் ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலும் காரணம் சிறிய அல்லது குறுகிய சப்பாத்துதான். நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கும். நம் வெப்பத்தில் இன்னும் வீங்கும். பாலத்தின் இறக்கத்தில் பாதம் முன்னே சரிந்து விரல்கள் முட்டும்.

• மாலையில் கடைக்குப் போங்கள். பகல் முழுவதும் நடந்து வீங்கிய பாதமே உண்மையான அளவைக் காட்டும்.
• நின்றுகொண்டு இரண்டு பாதங்களையும் அளக்கச் சொல்லுங்கள். பலருக்கு ஒன்று சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய பாதத்துக்கே வாங்க வேண்டும்.
• மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம், அதைக் கவனியுங்கள்.
• எண்ணை நம்பாதீர்கள். ஒரே எண் ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறு நீளம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டர் அளவை ஒப்பிடுங்கள்.
• அகலத்தைக் கேட்டு வாங்குங்கள். சிறு வயதிலிருந்து சிலிப்பரும் வெறுங்காலுமாக வளர்ந்தவர்களின் விரல்கள் விரிந்திருக்கும். ஆண்களுக்கு டி, பெண்களுக்கு பி என்பது பொது அகலம். ஆண்களுக்கு 2ஈ, 4ஈ என்றும் பெண்களுக்கு டி என்றும் குறித்தவை அகலமானவை. ஏசிக்ஸ், நியூ பேலன்ஸ், புரூக்ஸ் போன்றவை இப்படி அகல வகைகளைச் செய்கின்றன. அகலத்துக்காக நீளத்தைக் கூட்டி வாங்கினால் குதிகால் உள்ளே வழுக்கும்.

ஓடும்போது போடும் அதே காலுறையைக் கொண்டுபோங்கள். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறவைக்கும். நைலான் அல்லது பாலியஸ்டர் காலுறையே ஏற்றது. குதிகால் இலேசாக நழுவினால், கடைசித் துளையில் நாடாவை வளையமாக்கி எதிர் நாடாவை அதனுள் நுழைத்து இழுத்துக் கட்டிப் பாருங்கள். பிறகும் நழுவினால் அந்தச் சப்பாத்து உங்களுக்குரியதல்ல.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. மலேசியாவில் இந்தியர்களிடையே நீரிழிவு மிக அதிகம் என்பதைத் தேசியச் சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. பாதத்தின் உணர்ச்சி குறைந்திருந்தால் சப்பாத்து கடிப்பதே தெரியாது. பயிற்சி தொடங்குமுன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். ஓடுமுன் சப்பாத்துக்குள் கை விட்டுத் தடவுங்கள். ஓடி முடித்ததும் விரலிடுக்குகளைப் பாருங்கள்.

தட்டைப்பாதம், வளைந்த பாதம்

நனைந்த காலின் தடத்தைத் தரையில் பார்த்து, “உங்களுக்குத் தட்டைப்பாதம், இந்த வகைதான் போட வேண்டும்” என்று சொல்லும் வழக்கம் கடைகளில் இன்றும் உண்டு. இதை அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை ஆகிய மூன்றின் புதுப் பயிற்சியாளர்களிடமும் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாதத்தின் வடிவத்தைப் பார்த்துச் சப்பாத்து கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு அதைப் பார்க்காமல் ஒரே வகையைக் கொடுத்தார்கள். காயங்களின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழக ஆய்வாளர் பென்னோ நிக் நெடுங்கால ஆராய்ச்சிக்குப் பின் முன்வைத்த கருத்து எளிமையானது: ஓடுபவர் தமக்குச் சுகமாக இருக்கும் சப்பாத்தைத் தேர்ந்தெடுத்தாலே உடல் தனக்குப் பொருத்தமான அசைவில் ஓடிக்கொள்கிறது. ஆகவே உங்கள் பாதம் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் நின்ற இடத்தில் கேட்காதீர்கள். ஓடிப் பார்த்துக் கேளுங்கள். உட்பக்கம் தாங்கல் வைத்த சப்பாத்தில் ஏற்கனவே வலியின்றி ஓடுகிறவர் அதை விடத் தேவையில்லை. பழைய காயம் உள்ளவர் கடைக்காரரைக் கேட்பதைவிட இயன்முறை மருத்துவரைக் கேட்பதே சரி.

கடையில் பத்து நிமிடம்

மூன்று வகைகளை எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு காலில் ஒன்று, மறுகாலில் இன்னொன்று போட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே புலப்படும். பிறகு ஒரே வகையை இரண்டு காலிலும் போட்டு, கடையின் நடைபாதையிலோ ஓட்டக் கருவியிலோ இரண்டு நிமிடமாவது ஓடுங்கள். எங்கேயாவது அழுத்தினால், உரசினால், “பழகிப்போகும்” என்ற ஆறுதலை ஏற்காதீர்கள். ஓட்டச் சப்பாத்து முதல் நாளே பொருந்த வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, ஏறக்குறைய 150 வெள்ளியிலிருந்து 250 வெள்ளிக்குள் தொடக்க வகைகள் கிடைக்கும். நல்ல பயிற்சிச் சப்பாத்துகள் 350 முதல் 600 வெள்ளிவரை. முந்தைய ஆண்டின் மாதிரியைத் தள்ளுபடியில் வாங்குவது புத்திசாலித்தனம். புது மாதிரியில் நிறமும் சிறு மாற்றமும்தான் பெரும்பாலும் கூடியிருக்கும். ஜுருக்காரர்களுக்குப் பத்து காவானின் டிசைன் வில்லேஜ் மலிவு விலைப் பேரங்காடி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் தள்ளுபடிச் சரக்கில் நாக்கின் உட்புற அட்டையில் உள்ள தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். நம் ஈரப்பதத்தில் பல ஆண்டு கிடந்த சப்பாத்தின் பசை விடும். பாலியூரத்தேன் அடி, ஓடாமலேயே பொடியும். பாசார் மாலாமில் பெரிய பெயருடன் மிகக் குறைந்த விலைக்கு விற்கும் சப்பாத்து நடக்க உதவலாம். அதன் நுரை எதனால் ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது. மாரத்தான் பயிற்சிக்கு அதை நம்பாதீர்கள்.

ஏன் இரண்டு ஜோடி?

மழையில் நனைந்த சப்பாத்து நம் காற்றில் முழுதாக உலர ஒரு நாள் போதாது. ஈரமான சப்பாத்தில் மறுநாளும் ஓடினால் கொப்புளம், படை, துர்நாற்றம் மூன்றும் வரும். இரண்டாவது ஜோடி இருந்தால் ஒன்று உலரும்போது மற்றது ஓடும்.

இதில் இன்னொரு நன்மையும் தெரிய வந்திருக்கிறது. லக்ஸம்பர்க் ஆய்வாளர்கள் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சப்பாத்துகளை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 விழுக்காடு குறைவாக இருந்தது. இரண்டும் வெவ்வேறு வகையாக இருந்தால் ஒரே தசையிலும் எலும்பிலும் அதே அழுத்தம் திரும்பத் திரும்ப விழாது என்பதே அவர்கள் தந்த விளக்கம். ஒன்று மெத்தை மிகுந்ததாக நீண்ட ஓட்டத்துக்கும், மற்றது சற்று இலேசானதாக வேக ஓட்டத்துக்கும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. ஆறு வாரம் கழித்து இரண்டாவதை வாங்கினால் செலவும் பிரியும், இரண்டும் ஒரே நேரத்தில் தேயவும் தேயாது.

நனைந்ததும் இன்சோலை வெளியே எடுங்கள். உள்ளே நாளிதழைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். விசிறிக் காற்றில் வையுங்கள். நேர் வெயிலும் துணி உலர்த்தும் இயந்திரமும் நுரையையும் பசையையும் கெடுக்கும். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் சப்பாத்தை விட்டுவைப்பதும் அப்படியே.

கார்பன் தகடு வேண்டுமா?

2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தைக் கடந்தபோது அவர் காலில் இருந்தது கார்பன் தகடு பொதித்த சப்பாத்து. அதன்பின் இவை கடைகளை நிறைத்தன. 2020இல் உலகத் தடகள அமைப்பு சாலைச் சப்பாத்தின் அடி 40 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, ஒரு தகட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு விதித்தது.

இவை சக்தியை மிச்சப்படுத்துவது உண்மை. முதல் ஆய்வுகளில் சராசரியாக 4 விழுக்காடு என்று கண்டார்கள். ஆனால் அந்த அளவுகள் வேகமாக ஓடும் வீரர்களிடம் எடுக்கப்பட்டவை. ஐந்து, ஆறு மணி நேரத்தில் முடிக்க நினைப்பவருக்கு அதே பயன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உயர்ந்த, மென்மையான அடி சரிந்த சாலை ஓரத்தில் கணுக்காலை ஆட்டும், விலையும் ஆயிரம் வெள்ளியை ஒட்டும், ஆயுளும் குறைவு. முதல் மாரத்தானுக்கு அந்தப் பணத்தில் இரண்டு நல்ல பயிற்சிச் சப்பாத்து வாங்கலாம். அதுவே என் உறுதியான பரிந்துரை.

“நாங்கள் வெறுங்காலில் ஓடினோம்”

தோட்டத்துத் திடலில் வெறுங்காலில் ஓடிப் பரிசு வாங்கிய தாத்தாக்கள் இதைச் சொல்வார்கள். அது பெருமைக்குரிய உண்மை. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில் வென்றார். வெறுங்காலோட்டத்துக்குப் பேர்பெற்ற இந்தியாவின் ஷிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி தேசியச் சாதனை படைத்தார். ஆனால் அவர்களுடைய பாதங்கள் சிறு வயதிலிருந்தே அதற்குப் பழகியவை. அதே பிகிலா 1964இல் தோக்கியோவில் சப்பாத்து அணிந்து மீண்டும் வென்றார். வாரம் முழுவதும் அலுவலகச் சப்பாத்தில் இருக்கும் காலைத் திடீரென்று தாரில் வெறுமையாக இறக்கக் கூடாது. பாதத்துக்கு வலு வேண்டுமானால் புல்திடலில் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் வெறுங்காலில் நடந்து, மெதுவாகக் கூட்டுங்கள்.

பால்மரம் வெட்டியவர்கள் போட்ட கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து, அதாவது கம்போங் அடிடாஸ், இன்றும் மலையேறிகளின் விருப்பம். சேற்றிலும் வேரிலும் அதன் பிடிப்பு அபாரம். தண்ணீரும் தேங்கி ஊறாது. செரோக் தொக்கூன் காட்டுப்பாதைக்கு அதைத் தாராளமாகப் போடலாம். ஆனால் அதில் மெத்தை கிடையாது. தாரில் முப்பது கிலோமீட்டருக்கு அது ஆகாது.

தைப்பூசத்தில் காவடியோ பால்குடமோ எடுத்து வெறுங்காலில் நடந்தவர்கள், பாதத்தோல் ஆறும்வரை நீண்ட ஓட்டத்தைத் தள்ளிவையுங்கள்.

எப்போது மாற்றுவது?

பொதுவாக ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர்வரை உழைக்கும். உடல் எடை கூடினால், சாலை கரடாக இருந்தால் குறையும். வாங்கிய தேதியை நாக்கின் பின்புறம் எழுதிவையுங்கள். ஓடிய தூரத்தைக் கைப்பேசியில் குறித்து வாருங்கள். அடி ரப்பர் தேய்ந்து நுரை தெரிந்தால், மேசைமேல் வைக்கும்போது ஒருபக்கம் சாய்ந்தால், காரணம் தெரியாமல் கணைக்காலிலோ முழங்காலிலோ புதிதாக வலி தோன்றினால் மாற்றிவிடுங்கள். குதிகாலின் வெளிவிளிம்பு மட்டும் தேய்வது பலருக்கும் இயல்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பந்தய நாளிலிருந்து பின்னோக்கி ஒரு நாட்காட்டி

• 16 வாரம் முன்: முதல் ஜோடியை வாங்குங்கள். முதல் வாரம் 5 கிலோமீட்டருக்கு மேல் அதில் ஓடாதீர்கள்.
• 10 வாரம் முன்: இரண்டாவது ஜோடி. இனி இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.
• 6 வாரம் முன்: பந்தயத்தில் எதைப் போடுவது என்று முடிவெடுங்கள். அதே காலுறை, அதே நாடாக் கட்டுடன் ஒரு நீண்ட ஓட்டம். முழு மாரத்தான் நள்ளிரவு கழிந்து தொடங்குவது வழக்கம்; ஆகவே ஒருமுறையாவது இருட்டில், துணையுடன், ஒளிப்பட்டை அணிந்து ஓடிப் பாருங்கள்.
• 4 வாரம் முன்: மழை தூறும்போது அதே சப்பாத்தில் ஓடி, ஈரத்தில் உரசும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே வாஸலின் தடவ வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.
• கடைசி வாரம்: புதிதாக எதையும் வாங்காதீர்கள். பந்தயப் பொருள்களை வாங்கப் போகும் இடத்தில் சப்பாத்துத் தள்ளுபடி கண்ணில் படும். வாங்கினாலும் பந்தயம் முடிந்தபின் போடுங்கள். நகங்களை இரண்டு நாளுக்கு முன்பே வெட்டிவிடுங்கள்.

தொடக்கக் கோட்டில் நிற்கும்போது உங்கள் சப்பாத்து குறைந்தது 80, 100 கிலோமீட்டர் ஓடியதாகவும் 400 கிலோமீட்டரைத் தாண்டாததாகவும் இருக்கட்டும். உங்கள் வியர்வையும் ஜுருவின் மழையும் அதற்குப் பழகியிருக்க வேண்டும். அடுத்த அத்தியாயத்தில் அந்த 16 வாரங்களின் தூரத்தை வாரவாரியாகப் பிரித்துக்கொள்வோம்; இன்று மாலை பாதத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.